வளைவில் யோசித்த வண்டி

ஊட்டிக்கு அப்பால் எமரால்டு என்ற ஊரில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்சீட்டில் அவள் ஏற்றிவிட்ட கேரட்டும் முட்டைக்கோஸும். மழை விட்டு ரோடு கறுப்பாக மினுங்கியது. கண்ணாடியை இறக்கியதும் ஈர மண் வாசனையும், யாரோ எரிக்கிற கற்பூர மரச் சருகின் புகையும் சேர்ந்து உள்ளே வந்தன.

ஏற்றத்தில் ஒரு வளைவு. என் வீட்டுக்காரர் கந்தசாமி கியரைக் குறைத்து ஸ்டீயரிங்கை ஒடித்தார். வண்டி திரும்பியது. திரும்பிய பிறகு ஏறாமல் யோசித்தது.

யோசித்தது என்றுதான் சொல்ல வேண்டும். இன்ஜின் அணையவில்லை, உறுமவும் இல்லை. ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா இருந்துவிட்டு, யாரோ முதுகில் தள்ளியது போலப் பாய்ந்தது. முட்டைக்கோஸ் ஒன்று உருண்டு வந்து என் செருப்பில் முட்டியது. பின்னால் வந்த தேயிலை லாரிக்காரர் நீளமாக ஹாரன் அடித்தார்.

“பிக்கப் போச்சு,” என்றார் என் வீட்டுக்காரர்.

சாதாரணமாகச் சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் காது மடல் சிவந்துவிட்டது. அவர் ஓட்டுகிற வண்டியைப் பார்த்து இன்னொருவர் ஹாரன் அடித்து நான் அதுவரை கேட்டதில்லை.

டிரைவர் வீட்டுக்கு வாக்கப்பட்டவள்

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு அவரை ஓரளவு தெரியும். போன வாரம் அவர் மூன்று கம்பளி மஃப்ளர் தொலைத்த கதையை எழுதப்போய், கடிதம் போட்டவர்கள் எல்லாம் அவர் பக்கமே பேசியிருந்தார்கள். இருக்கட்டும்.

அவர் குன்னூரை அடுத்த அருவங்காட்டுத் தொழிற்சாலையில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்னூர்ப் பக்கத்துச் சமவெளி ஆள். மலைக்கு வந்த புதிதில் குளிருக்கு அழுதவர், அப்புறம் மலையை விட்டு இறங்க மாட்டேன் என்று ஆகிவிட்டார். சர்வீஸ் முழுக்க ஒரு கீறல் விழவில்லை. இதை அவர் சொல்லிக் கேட்காத மனிதர் எங்கள் தெருவில் யாரும் கிடையாது.

அவர் ஓட்டிய பழைய ஜீப்பில் ஆக்சிலேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு கம்பிதான். மிதித்தால் கம்பி இழுக்கும், இன்ஜின் கேட்கும். ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் வாங்கிய சின்ன காரில் அந்தக் கம்பி இல்லை. மிதிக்கு அடியில் ஒரு சென்சார் இருக்கிறது. எவ்வளவு மிதித்தோம் என்று அது கம்ப்யூட்டருக்குச் சொல்ல, கம்ப்யூட்டர் இன்ஜினுக்குச் சொல்கிறது. நடுவில் ஆள் வைத்துப் பேசுகிற இந்த ஏற்பாடு அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

நான் கார் ஓட்டக் கற்றதும் அவர் ஓய்வு பெற்ற பிறகுதான். அவரிடம் கற்கவில்லை. கற்றிருந்தால் இன்றைக்கு நாங்கள் தனித்தனி வீட்டில் இருந்திருப்போம். குன்னூரில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். லைசென்ஸ் வந்ததும், நான் கணக்கு எழுதும் தேயிலை ஃபாக்டரிக்கு நானே ஓட்டிப் போய் வந்தேன். அவ்வளவுதான் என் ராஜ்யம். குன்னூருக்குக் கீழே மலைப்பாதையில் ஒரு வளைவுகூட நான் இறங்கியதில்லை.

மகள் ஏறி வரவேண்டிய வண்டி

வண்டி யோசித்தது அப்போது பெரிய விஷயமானதற்குக் காரணம் எங்கள் மகள் வித்யா. கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். ஏழாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு இங்கே அழைத்து வர வேண்டும்.

சம்பந்தி வீட்டில் பெரிய கார் இருக்கிறது, டிரைவர் இருக்கிறார், அனுப்பி வைக்கிறோம் என்றார்கள். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. என் பொண்ணை நானே வந்து கூட்டிப் போகிறேனுங்க என்று ஃபோனில் சொல்லிவிட்டார். சொல்லும்போது எழுந்து நின்றுகொண்டார், எதிரில் யாரோ இருப்பது போல.

வித்யா பிறந்தது என் அம்மா வீட்டில், அன்னூரில். மூன்றாம் மாதம் அவளை மலைக்குக் கொண்டு வந்தது இவர்தான், சிநேகிதர் ஒருவரின் வண்டியை இரவல் வாங்கி. மலைப்பாதையில் கீழே இருக்கும் பர்லியாரிலிருந்து குன்னூர் வரை அன்று எங்களை முந்தாத வாகனம் இல்லை. ஒரு மாட்டுவண்டி இருந்திருந்தால் அதுவும் முந்தியிருக்கும். குழந்தை ஒரு தடவைகூட விழிக்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும், “எப்படி?” என்று என்னைப் பார்த்தார். அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்கும் ஆசைதான்.

ஆக, வளைகாப்புக்குள் வண்டி சரியாக வேண்டும்.

ரபீக்கின் வைத்தியம்

ரபீக் குன்னூரில் பட்டறை வைத்திருப்பவர். நாற்பது வயது. வாய் நீளம், நம்பிக்கை அதைவிட நீளம். வண்டி சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் அதைத் திட்டுவார்.

முதலில் பெட்ரோல் மேல் பழி போட்டார். டாங்க்கில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்றார். இல்லை. அடுத்து ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தார். உள்ளே ஓர் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. பட்டாணித் தோல், சருகு, மெத்தையாகச் சுருட்டி வைத்த பச்சைக் கம்பளி நூல். அந்த நூலை என் வீட்டுக்காரர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். மூன்றாவது மஃப்ளர்.

“இதாங்கக்கா. மூக்கை அடைச்சா வண்டி எப்படி மூச்சு விடும்?” என்றார் ரபீக். சுத்தம் செய்து, லேம்ப்ஸ் ராக் பக்கம் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து வண்டி பறக்கிறது என்றார். உண்மையாகவே பறந்தது.

வீடு திரும்பும்போது இவர் ஓட்டினார். முதல் ஏற்றத்திலேயே வண்டி யோசித்தது.

மறுபடி பட்டறை. இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் ஒரு தகடு உண்டு, மிதிக்க மிதிக்க அது திறக்கும். அதைக் கழற்றி, படிந்திருந்த கரியை ஸ்ப்ரே அடித்துத் துடைத்தார். வெள்ளைத் துணி கறுப்பானது. ரபீக் ஓட்டினால் பறந்தது, இவர் ஓட்டினால் யோசித்தது. ரப்பர் குழாய்களில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று ஊதிப் பார்த்தார். கடைசியில், பட்டறைக்கு வந்திருந்த இதே மாதிரிக் காரிலிருந்து ஆக்சிலேட்டர் மிதியையே சென்சாரோடு கழற்றி இதில் மாட்டினார். அப்போதும் அதே கதை.

நான் ஃபாக்டரிக்கு ஓட்டிப் போகும்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றேன். நான் ஓட்டுவதற்குப் பெயர் ஓட்டுவதா, தள்ளுவண்டி தள்ளுகிற வேகத்தில் வண்டிக்கு யோசிக்க என்ன இருக்கிறது என்று இவர் கேட்டார். நானும் அதற்கு ஒரு பதில் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

ரபீக்குக்கும் அவருக்கும் வாக்குவாதம் முற்றியது. “நீ ஓட்டினா ஓடுது, நான் ஓட்டினா ஓடலைன்னா என்ன அர்த்தம்? வண்டிக்கு ஆள் தெரியுமா?” என்றார் இவர். ரபீக் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இரண்டு பேர் பக்கமும் எனக்கு நியாயமாகவே பட்டது. வளைகாப்புக்கு இன்னும் அதிக நாள் இல்லை.

பூஜ்யம்

அடுத்த தடவை ரபீக் ஒரு சின்ன ஸ்கேனரை ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகினார். அது என் ஃபோனோடு பேசும். திரையில் இரண்டு எண்கள் ஓடும். மேலே இருப்பது மிதி எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பது. கீழே இருப்பது காற்றுத் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பது. மிதி அழுந்தியும் தகடு திறக்காவிட்டால் கோளாறு கம்ப்யூட்டரில் என்றார். வண்டி யோசிக்கிற நேரத்தில் பார்க்க வேண்டும் என்பதால் இவர்தான் ஓட்ட வேண்டும். ரபீக் முன்னால் உட்கார்ந்து இன்ஜினைக் கேட்டார். நான் பின்சீட்டிலிருந்து மேல் எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். கணக்கு எழுதுகிறவளுக்கு ஏற்ற வேலை.

வண்டிச்சோலைப் பக்கம் ஓர் ஏற்றம். பனி தேயிலைக்கு மேல் தவழ்ந்துகொண்டிருந்தது. வளைவில் கியரைக் குறைத்தார்.

“இப்ப மிதிச்சுட்டேன் பாரு,” என்றார். “எடுக்குதா? எடுக்கல.”

திரையைப் பார்த்தேன். “பூஜ்யம்,” என்றேன்.

“மிதிச்சுட்டேன் புள்ள.”

“பூஜ்யந்தானுங்க.”

அடுத்த நொடி எண் நாற்பதுக்குத் தாவியது. கீழே இருந்த எண்ணும் அதே நேரத்தில், கொஞ்சமும் பிந்தாமல் தாவியது. வண்டி பாய்ந்தது. அடுத்த வளைவிலும் அப்படியே. மிதித்துவிட்டேன் என்று அவர் சொன்ன நேரத்தில் எண் பூஜ்யமாக இருந்தது. எண் ஏறிய கணத்தில் வண்டி ஏறியது.

மூன்றாவது வளைவில் நான் எண்ணைச் சொல்லவில்லை. ரபீக் திரும்பி என் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தார். வாய் நீளமான மனிதர், அன்றைக்குக் கண்ணாடிக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். பட்டறை வந்ததும் இவர் தண்ணீர் குடிக்க இறங்கினார். அப்போது மெதுவாக, “அக்கா, வண்டியில ஒண்ணுமில்லீங்க. அண்ணாகிட்ட நான் எப்படிச் சொல்றது?” என்றார்.

இரண்டு ஜோடி சாக்ஸ்

மலையில் இருக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. எங்களுக்குக் கால் மரத்துப்போவது ஒரு விஷயமே இல்லை. டிசம்பர், ஜனவரியில் காலையில் எழுந்தால் யாருக்கும் பாதம் தன் பாதமாக இருக்காது. கால் மரத்துப்போச்சு என்று ஒருவர் சொன்னால், எனக்கும்தான் என்று அடுத்தவர் சொல்லுவார். இன்னொரு சாக்ஸ் போடு, ஹீட்டர் பக்கம் உட்காரு என்பதுதான் இங்கே வைத்தியம்.

என் வீட்டுக்காரர் ஒரு வருஷமாகவே கால் மரத்துப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மே மாதத்திலும் சொன்னார். இந்த வருஷம் குளிர் போகவே மாட்டேன் என்கிறது என்று நானும் சேர்ந்து ஆமாம் போட்டேன். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. மாத்திரை போடுகிறார், ஞாபகம் வந்தால். குளிர் என்று ஒரு காரணம் தயாராக இருக்கும்போது வேறு காரணத்தை யார் தேடுவார்கள்?

பட்டறையிலிருந்து வந்ததும் அவரை நாற்காலியில் உட்காரவைத்து சாக்ஸைக் கழற்றினேன். வேண்டாம் என்று காலை இழுத்துக்கொண்டார். ஒரு ஜோடி, அதற்குள் இன்னொரு ஜோடி. உள் சாக்ஸ் வலது குதிகாலில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீர் விட்டுப் பிரித்தேன். ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் வெந்து போயிருந்தது. ஹீட்டரில் சுட்டிருக்கிறது. எப்போது சுட்டது என்று கேட்டேன்.

“என்ன சுட்டுச்சு?” என்றார்.

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டாவதைத்தான் செய்தேன்.

குன்னூரில் டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். தொடும்போது சொல்லுங்கள் என்றார். இவர் கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி காத்திருந்தார். பாதம் முழுக்கத் தொட்டு முடித்த பிறகு, “ஆரம்பிக்கலாங்களே,” என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

நரம்பு. சர்க்கரை செய்கிற வேலை. புண் ஆறும், சர்க்கரையைப் பிடித்து வைத்தால் இதற்கு மேல் மோசமாகாமல் பார்க்கலாம், ஆனால் மலை ரோட்டில் கார் ஓட்ட வேண்டாம் என்றார்.

அவரே வைத்துக்கொண்ட பரீட்சை

ஒரே ஒரு நாள் என்றார் அவர். வித்யாவைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு அப்புறம் சாவியைத் தொடமாட்டேன் என்றார். காலை உணவின்போதும் சொன்னார், புண்ணுக்கு மருந்து போடும்போதும் சொன்னார். டாக்டருக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்றார்.

“ஆக்சிலேட்டர்ல கால் தப்பினா வண்டி நிக்கும். பிரேக்குல தப்பினா என்னுங்க பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த நாள் முழுக்கத் தோட்டத்தில் ஒன்றுமில்லாத இடத்தைக் கொத்திக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் காருக்குள்ளிருந்து கூப்பிட்டார். ஃபோனை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். ரபீக்கின் ஸ்கேனர் இன்னும் வண்டியில்தான் சொருகியிருந்தது. இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு நான் சொல்வேன், சரியா தப்பா என்று நீ சொன்னால் போதும் என்றார். டாக்டரை நம்பாத மனிதர் அந்த எண்ணை நம்பினார். கம்ப்யூட்டர் பிடிக்காவிட்டாலும், வண்டி சொல்வதை அவர் நம்புவார்.

இப்போது மிதிக்கவில்லை என்றார். எண் இருபதைத் தாண்டியிருந்தது. தப்புங்க என்றேன். பாதி மிதித்திருக்கிறேன் என்றார். பூஜ்யம். தப்புங்க என்றேன். அவர் தாடை இறுகிக்கொண்டே போனது. நெற்றியில் அந்தக் குளிரிலும் வியர்வை.

“இப்ப முழுசா மிதிச்சிருக்கேன்.”

திரையில் பூஜ்யம். என்னால் இன்னொரு தடவை சொல்ல முடியவில்லை.

“சரிங்க,” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்து குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கால் மிதிக்குப் பக்கத்தில், ரப்பர் மேட்டை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது.

“வித்யா வர்ற வண்டி புள்ள,” என்றார் மெதுவாக. “அதுக்குமா பொய் சொல்லுவ?”

சாவியை உருவி என் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்து வந்த விடுமுறை நாட்களில் இரண்டு பேரும் பர்லியார் வரை இறங்கி ஏறினோம். நான் ஓட்டினேன், அவர் இடது சீட்டில் உட்கார்ந்தார். குறை சொல்வார் என்று எதிர்பார்த்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது குறை சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. சம்பந்தி வீட்டாரிடமும் வித்யாவிடமும் தனக்குக் கால் சுளுக்கு என்று சொல்லிவைத்தார். நானும் ஒத்துப் பாடினேன். அவர் வாயால் சொல்ல முடியாததை நான் எப்படிச் சொல்வது?

ஏற்றம்

கோயம்புத்தூரில் வளைகாப்பு நன்றாக நடந்தது. இவர் வெள்ளை வேட்டியில் நொண்டாமல் நடந்தார். சுளுக்கு சரியாயிற்றா என்று கேட்டவர்களிடம் நொண்டினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கினேன். பின்சீட்டில் தலையணைக்கு நடுவே வித்யா. இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். ஒவ்வொரு வளைவிலும் அவை கலகலவென்று ஒரு பக்கமாகச் சரிந்தன. காற்று மெல்ல மெல்லச் சில்லிட்டது. என் உள்ளங்கை ஈரத்தில் ஸ்டீயரிங் வழுக்கியது.

குன்னூருக்குச் சற்றுக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவு. பாதி திரும்பியிருப்பேன், மேலேயிருந்து பஸ் ஒன்று முகப்பு விளக்கோடு இறங்கியது. பயத்தில் கிளட்சை விட்டுவிட்டேன். இன்ஜின் அணைந்தது. வண்டி ஓர் அடி பின்னால் உருண்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். வளையல் சத்தம் நின்றது.

மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும். எவ்வளவு பெரிய பஸ்ஸாக இருந்தாலும் சரி. பஸ் நின்றது. டிரைவர் ஜன்னல் என் ஜன்னலுக்கு நேராக இருந்தது. எட்டிப் பார்த்தவர் போஜன், இவருக்குப் பழக்கமான படுகர், இந்த மலைக்காரர். ஒரு காலத்தில் இவரிடம் வண்டி பற்றிக் கேட்டுக் கேட்டுப் போவார். காருக்குள் குனிந்து பார்த்து, இவர் இடது சீட்டில் இருப்பதைக் கண்டு சிரித்துவிட்டார்.

“என்னங்கண்ணா, நீங்க இருக்கையில அக்கா கையில வண்டியா?”

சுளுக்கு என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். பஸ்ஸில் இருந்த எல்லாரும் ஜன்னல் வழியே எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் என்னைத் தாண்டிக் குனிந்து என் ஜன்னல் வழியே பேசினார்.

“கால்ல உணர்ச்சி போயிடுச்சு போஜா. மிதிச்சா தெரியறதில்ல. நான் ஓட்டறத நிறுத்திட்டேன், இனி இவதான் ஓட்டுவா. நீ கொஞ்சம் பின்னால எடுத்து இடம் குடு.”

போஜனின் சிரிப்பு நின்றது. தலையை ஆட்டினார். கண்டக்டர் இறங்கி விசில் ஊத, அத்தனை பெரிய பஸ் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் ஏறியது.

பின்சீட்டிலிருந்து வளையல் நிறைந்த கை ஒன்று நீண்டு அவர் தோளில் விழுந்தது. “அப்பா,” என்றாள் வித்யா. அவர் அந்தக் கையைத் தட்டிக் கொடுத்தார், ஒன்றுமில்லை கண்ணு என்றார். எனக்கு ரோடு கலங்கித் தெரிந்தது. வைப்பரைப் போட்டேன். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

“முன்னால பாரு புள்ள,” என்றார் அவர். “அழுகறத ஊட்டுக்குப் போய் அழுதுக்கலாம். என்ற பொண்ணு உள்ள உக்காந்திருக்கா.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாவியைத் திருப்பினேன்.